கயிறேற்றம்: கைவலிமைக்கு ஓர் எளிய பயிற்சி

(பூந்தமல்லி வட்டாரத்தில் நடைபெற்ற இளைஞர் முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் சாலை, குடிநீர், வீடு, வடிகால் என்று தொடங்குவார் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு வேறு நாட்கள் உண்டு. இன்று ஒரு கயிற்றைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அக்கயிறு உங்கள் கண்ணெதிரிலேயே இத்திடலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதன்மீது ஏறுவதால் உடம்புக்கு என்ன நன்மை, எவ்வாறு ஏறவேண்டும், எவ்வாறு ஏறக்கூடாது என்பனவற்றை எங்கள் அனுபவத்தைக் கொண்டு சொல்ல முற்படுகிறோம். அந்த அனுபவத்தில் எங்கள் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லுவோம்.

இடமும் காலமும்

நமது வட்டாரம் சென்னை மாநகரின் மேற்கு வாயிலில் இருக்கிறது. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019ஆம் ஆண்டில் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இவற்றுக்கு அப்பால் எஞ்சியுள்ள சிற்றூர்களிலும் வயல்கள் மனைகளாகி வருகின்றன. விளையாட்டுத் திடலுக்கு ஓர் ஏக்கர் நிலம் வேண்டுமென்று வாலிபர்கள் மனுக் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஆனால் பல ஊர்களில் அவ்வளவு நிலம் ஒருசேரக் கிடைப்பதில்லை. ஓட்டத்திற்கும் ஆட்டத்திற்கும் அகன்ற இடம் வேண்டும். கயிற்றுக்கு அகலம் வேண்டுவதில்லை. உயரம் இருந்தால் போதும். நாலைந்து பாய் விரிக்கும் இடத்தில் ஓர் ஊரின் வாலிபர்கள் அனைவரும் முறைவைத்துப் பயிலலாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் தந்தையர் கிணற்றிலிருந்து கயிறு கட்டி நீர் சேந்தினர், கமலை ஓட்டினர், மண்வெட்டி பிடித்து வரப்பு கழித்தனர். கைக்கு வலிமை தேடி அவர்கள் தனியே எங்கும் போகவில்லை. இன்று விசையைத் தட்டினால் நீர் வருகிறது. அதில் குறையொன்றும் இல்லை; அந்த வசதியை ஊர்தோறும் கொண்டு சேர்ப்பதே எங்கள் வேலை. ஆயினும், கை செய்துவந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு, கையை வலுப்படுத்தும் பயிற்சியை நாமாகத் தேடிச் செய்யவேண்டியிருக்கிறது.

கையின் பலம் எங்கே இருக்கிறது?

வாலிப நண்பர்களே! உங்கள் இடக்கையால் வலது முன்னங்கையைப் பற்றிக்கொள்ளுங்கள். இப்பொழுது வலக்கை விரல்களை இறுக மூடித் திறவுங்கள். முழங்கைக்குக் கீழே தசை அசைவது தெரிகிறதல்லவா? விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் சென்று, பொம்மலாட்டக்காரன் நூலைப்போல அவற்றை இழுக்கின்றன. கயிறு ஏறும்போது இந்த முன்னங்கையோடு புயம், தோள், முதுகின் அகன்ற தசை, வயிறு ஆகிய அனைத்தும் ஒருங்கே வேலை செய்கின்றன. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கையை எடுத்து மேலே வைக்கும் அந்தக் கணத்தில், காலின் துணை இல்லையேல், 60 கிலோவும் மற்றொரு கையில்தான் தொங்கும். விலையுயர்ந்த இரும்புக் கருவிகள் இல்லாமல், தன் உடம்பையே எடைக்கல்லாக்கிக்கொள்ளும் பயிற்சி இது.

ஒரு எச்சரிக்கை. தசை சில வாரங்களில் வலுப்பெற்றுவிடும். தசைநாண் அவ்வாறன்று, அது வலுப்பெற மாதங்கள் ஆகும். ஆகையால், ‘பலம் வந்துவிட்டது’ என்று எண்ணி அவசரப்படுகிறவருக்கு முழங்கையின் உட்புறத்தில் வலி தோன்றும். அவ்வலி வந்தால் பயிற்சியை நிறுத்தி ஓய்வு கொள்ளவேண்டும். தொடர்ந்தால் மருத்துவரைக் காணவேண்டும்.

பழைய பயிற்சி, பெரிய பெயர்

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் பந்தயத்திலேயே கயிறு ஏறுதல் ஒரு போட்டியாக இருந்தது. கயிற்றின் உயரம் 14 மீட்டர். போட்டியிட்ட 5 பேரில் இருவரே உச்சியைத் தொட்டனர். நிக்கோலாஸ் அந்திரியாகோபுலோஸ் என்ற கிரேக்கர் 23.4 விநாடிகளில் ஏறி வென்றார். 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இப்போட்டியில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசர் என்பவருக்கு இடது கால் மரக்கால். அந்த ஒரே நாளில் அவர் 3 தங்கம் உட்பட 6 பதக்கங்கள் பெற்றார். 1932ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸில், 8 மீட்டர் கயிற்றை 6.7 விநாடிகளில் ஏறி ரேமண்ட் பாஸ் வென்றார். அதன்பின் ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெறவில்லை.

நம் நாட்டில் மல்லர் கம்பம் இருக்கிறது. நட்ட கம்பத்தில் ஏறி ஆசனங்கள் செய்வது அதன் ஒரு வகை. தொங்கும் பஞ்சுக் கயிற்றில் செய்வது மற்றொரு வகை. கயிற்று மல்லர் கம்பத்தில் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றைப் பற்றி ஏறுவார்கள். தமிழ்நாட்டில் இக்கலைக்கு விழுப்புரம் பெயர் பெற்றது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் ஆண்களும் பெண்களும் இதில் போட்டியிட்டனர்.

நம் பனையேறிகளை மறந்துவிடலாமா? காலில் தளைநார் பூட்டி, மார்பை மரத்தோடு அணைத்து, நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏறி இறங்கும் அவர்களுக்குப் பெரும் பந்தயங்களில் பதக்கம் இல்லை. ஆனால் கயிறேறுவதன் நுட்பத்தை எங்களுக்குக் கற்பித்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். அதைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

சீருடை வேண்டுவோர்

ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள் இருக்கின்றன. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. சீருடையைப் பார்த்துக்கொண்டே வளரும் இப்பகுதிச் சிறுவர்களுக்குத் தாமும் அதை அணியவேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பே. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறி, உடல் அளவுகளும் சரியாக இருந்தால், ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடவேண்டும். அடுத்து வருவதே கயிறு ஏறுதல். பின்னர் நீளம் அல்லது உயரம் தாண்டுதல். 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு நட்சத்திரம் என்பது அண்மைக்கால அறிவிப்புகளில் கண்ட அளவு. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே அவ்வப்போது வெளிவரும் அறிவிப்பை நீங்களே வரிவிடாமல் படித்துக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்குச் சாலை இருக்கிறது. தாண்டுவதற்கு மணல் இருக்கிறது. கயிறு மட்டும் பல ஊர்களில் இல்லை. ஆகவே பெரும்பாலோர் எழுத்துத் தேர்வின் முடிவு வந்தபிறகே கயிற்றைத் தேடுகிறார்கள். கையில் இருக்கும் சில வாரங்களில் ஆறு மாதப் பயிற்சியைச் செய்துவிடப் பார்க்கிறார்கள். அங்கேதான் துன்பம் தொடங்குகிறது.

எங்கள் தவறு

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய ஓர் ஊராட்சியில் வாலிபர்கள் வந்து கயிறு ஒன்று வேண்டுமென்று கேட்டார்கள். நல்ல காரியம் என்று மகிழ்ந்து, ஒரு கயிறு வாங்கிக் கொடுத்து, திடலோரத்துப் புளியமரக் கிளையில் கட்டச் செய்தோம். தேங்காய் உடைத்தார்கள், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். கீழே மணல் கொட்டவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பயிற்றுவிக்க ஒருவரை ஏற்பாடு செய்யவும் இல்லை.

ஒரு மாலையில், காவலர் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்த ஒரு வாலிபர் அதில் ஏறினார். கைவலிமை ஒன்றையே கொண்டு உச்சிவரை சென்று கிளையையும் தொட்டுவிட்டார். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பொழுது அவர் கைகளில் பலம் தீர்ந்துவிட்டது. இறங்கத் தெரியாமல் சறுக்கினார். உள்ளங்கைத் தோல் உராய்ந்து எரிய, பாதி வழியில் கயிற்றை விட்டுவிட்டார். கெட்டித் தரையில் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த ஆண்டுத் தேர்வுக்கு அவர் போகமுடியவில்லை.

செய்தி அறிந்ததும் நாங்கள் செய்த முதற் காரியம் கயிற்றை அவிழ்த்துக் கொண்டுவந்து அலுவலக அறையில் போட்டதுதான். இனி யாருக்கும் விபத்து வராது, எங்கள்மீது பழியும் வராது என்று எண்ணினோம். சில நாட்கள் கழித்து, மாவுக்கட்டுப் போட்ட கையுடன் அந்த வாலிபரே வந்தார். அவருடன் வயது முதிர்ந்த உறவினர் ஒருவரும் வந்தார். அவர் இளமையில் பனையேறியவர். ஏதோ முறையிட வருகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் கயிற்றைத் திரும்பக் கேட்க வந்திருந்தார்கள்.

“அய்யா, கயிறு தள்ளலே, புள்ளைக்கு நடுவுலே நிக்கத் தெரியலே” என்றார் அந்தப் பெரியவர். பனையேறி கையால் மட்டும் ஏறுவதில்லை. காலில் உள்ள தளையில் நின்று, மூச்சு வாங்கி, பிறகே அடுத்த பிடிக்குப் போவான். இறங்கும் பலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவான் என்று விளக்கினார். நாங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டோம். கயிறு கொடுத்தது தவறன்று. கயிற்றை மட்டும் கொடுத்ததே தவறு. அதை அவிழ்த்து வந்தது இரண்டாவது தவறு.

ஏற்பாடு எவ்வாறு இருக்கவேண்டும்?

அதன்பின் நாங்கள் கைக்கொள்ளும் ஏற்பாடு இதுதான். மரக்கிளையை நம்புவதில்லை. கிளை உள்ளே உளுத்திருந்தால் வெளியே தெரியாது. காற்றில் அசையும்போது கட்டும் தேயும். கான்கிரீட்டில் ஊன்றிய இரண்டு இரும்புத் தூண்களின்மேல் ஒரு குறுக்குச் சட்டம், அதில் பற்றவைத்த கனத்த வளையம், அவ்வளவே. ஊராட்சிப் பொறியாளர் பார்த்துச் சம்மதித்த பின்னரே கயிறு மாட்டவேண்டும். கயிறு ஏறக்குறைய ஒன்றரை அங்குலப் பருமன் இருந்தால் கைக்குப் பிடிக்கும். பஞ்சுக் கயிறோ மணிலாக் கயிறோ நல்லது. தென்னை நார்க் கயிறு தோலை அறுக்கும், நைலான் வழுக்கும். அடியில் முழங்கால் ஆழத்திற்குக் குழி வெட்டி ஆற்று மணலோ நயமான எம்-சாண்டோ நிரப்பி, தினந்தோறும் கிளறிவிடவேண்டும். 5 மீட்டரிலும் 6 மீட்டரிலும் சிவப்புத் துணி சுற்றிக் குறியிடலாம்.

நாள்தோறும் பயிற்சி தொடங்குமுன், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கயிற்றின் அடிப்பகுதியைப் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். மழையும் வெயிலும் கயிற்றின் உயிரைக் குடிப்பவை. ஆகவே பயிற்சி முடிந்ததும் அதை இறக்கி உள்ளே வைத்துவிடுவது நல்லது. ஆளில்லாத நேரத்தில் குழந்தைகள் ஏறிவிடாமலும் அது காக்கும். கயிற்றின் நுனியில் ஒருபோதும் சுருக்கோ வளையமோ போடாதீர்கள். விளையாட்டாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறுவர் உண்டு.

பயிலும் முறை

எங்கள் திடலில் 12 வாரப் பயிற்சி நடக்கிறது. வாரத்திற்கு 3 நாட்கள். ஒருநாள் விட்டு ஒருநாள். இடைப்பட்ட நாட்களில் ஓட்டமும் எழுத்துத் தேர்வுப் படிப்பும்.

முதல் 3 வாரம் எவரும் ஏறுவதில்லை. சட்டத்தைப் பிடித்து 10 விநாடி தொங்குதல்; பின் சிறிது சிறிதாக 30 விநாடிவரை. அதன்பின், மணலில் மல்லாந்து படுத்து, குதிகால் தரையில் ஊன்றியிருக்க, கயிற்றைக் கைமேல் கையாகப் பற்றி எழுந்து நிற்றல். அதேபோல் கைகீழ் கையாக மெதுவாகப் படுத்தல். பார்ப்பதற்கு எளிது, பத்து முறை செய்தால் வியர்வை வழியும்.

4 முதல் 6 வாரம்வரை காலின் பாடம். கயிறு வலக்காலின் வெளிப்புறமாக இறங்கி, வலப் பாதத்தின் அடியிற் புகுந்து, இடப் பாதத்தின் மேலாக வெளியேறவேண்டும். அப்படியே வலப் பாதத்தால் இடப் பாதத்தின்மேல் மிதித்தால், கயிறு இரண்டுக்கும் இடையில் சிக்கி நிற்கும். இதுவே நமது தளைநார். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இவ்வாறு நின்று, கையின் பிடியைத் தளர்த்தி, 20 வரை எண்ணவேண்டும். நிற்கத் தெரிந்தவருக்கு மேலே போக அனுமதி உண்டு.

7 முதல் 9 வாரம்வரை 3 மீட்டர். கைகளை நீட்டிப் பற்று, முழங்காலை மார்புவரை மடக்கு, பாதத்தைப் பூட்டு, எழுந்து நில். இப்படி நினைவில் வைத்துக்கொண்டால், உடம்பைத் தூக்குவது காலின் வேலை, பிடித்துக்கொள்வது கையின் வேலை என்பது விளங்கும். கடைசி 3 வாரத்தில் 5 மீட்டரும் 6 மீட்டரும். கைவலிமை மிக்கவர் கால் துணையின்றி ஏறிப் பழகலாம். அதுவும் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இறங்கும்போது சறுக்கக்கூடாது. கைகீழ் கையாகவே வரவேண்டும். எங்கள் திடலில் ஒரு விதி உண்டு: மேலே குறியைத் தொட்டதற்குக் கைதட்டல் இல்லை, மணலில் இரு காலும் ஊன்றிய பிறகே கைதட்டல். கை நடுங்கத் தொடங்கினால், உச்சி ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் நின்று, மூச்சு வாங்கி, இறங்கிவிடவேண்டும். அவ்வாறு இறங்கியவரை எவரும் கேலி செய்யக்கூடாது.

உள்ளங்கையில் காய்ப்பு ஏறும். அது தடித்துப் புடைத்தால் கிழிந்துவிடும். ஆகையால் குளித்தபின் நுரைக்கல்லால் தேய்த்துச் சமன்செய்துகொள்ளவேண்டும். கையில் எண்ணெய்ப் பசை, விரலில் மோதிரம் இவற்றோடு கயிற்றைத் தொடாதீர்கள். உணவுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கேழ்வரகுக் கூழ், பருப்பு, வேர்க்கடலை, முட்டை, கீரை இவை போதும். தோள் மூட்டு முன்பு விலகியவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியாமல் இதில் இறங்கக்கூடாது.

பெண்களுக்கும் உண்டு

பெண்களுக்கான காவலர் உடல்திறன் போட்டியில் கயிறு ஏறுதல் இல்லை. ஆகையால் ‘உங்களுக்கு இது எதற்கு?’ என்று சில ஊர்களில் அவர்களைத் திருப்பி அனுப்புவதாகக் கேள்விப்படுகிறோம். தேர்வுக்காக மட்டுமா உடம்பு? 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது, தெருவுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் நீரைக் கடந்தனர். அவர்களிற் பலர் ஒரு கையில் குழந்தையை வைத்திருந்த தாய்மார்கள். கயிற்றைப் பற்றும் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று வெள்ளம் பார்ப்பதில்லை. எங்கள் திடலில் வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கே உரியது. அம்மாலைகளில் மணற்குழியின் ஓரம் தாய்மார்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பெரியோர்கள் இதற்கு ஆதரவு தரவேண்டும்.

முடிவாக

அந்த வாலிபர் என்ன ஆனார் என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். கை குணமான பின், பெரியவரிடமே பாடம் கேட்டுப் பயின்றார். அடுத்து வந்த தேர்வில் 6 மீட்டர் ஏறி இறங்கினார். ஆனால் மொத்த மதிப்பெண் சிறிது குறைந்துவிட்டபடியால் இடம் கிட்டவில்லை. அதன்பின் வயது வரம்பும் கடந்துவிட்டது. இப்பொழுது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். முறை மாற்றமில்லாத மாலைகளில் திடலுக்கு வந்து, கயிற்றின் அடியில் நின்று, புதிதாக ஏறுகிறவர்களுக்கு ‘நில், மூச்சு வாங்கு’ என்று குரல் கொடுக்கிறார். அவர் நிற்கும் நாட்களில் எங்களுக்குக் கவலையில்லை.

ஆகவே, இங்கு வந்திருக்கும் ஊர்ப் பெருமக்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். உங்கள் ஊருக்கும் இத்தகைய கயிறு வேண்டுமென்றால் மனுக் கொடுங்கள். ஆனால் அம்மனுவில் மூன்று பெயர்களை எழுதிக் கொடுங்கள். மாலைதோறும் கயிற்றின் அடியில் நிற்கச் சம்மதிப்பவர் பெயர் ஒன்று. மணலைக் கிளறுபவர் பெயர் ஒன்று. கயிற்றை இறக்கி உள்ளே வைப்பவர் பெயர் ஒன்று. அம்மூவரும் கிடைத்துவிட்டால், தூணுக்கும் சட்டத்திற்கும் கயிற்றுக்கும் வழி காண்பது எங்கள் பொறுப்பு.

வாலிப நண்பர்களே! அறிவிப்பு வரட்டும் என்று காத்திராதீர்கள். நாளை மாலையே வந்து, சட்டத்தைப் பிடித்து 10 விநாடி தொங்குங்கள். உங்கள் பயிற்சி அங்கே தொடங்கட்டும்.